உச்சிக்குழியில் எண்ணெய்

நாங்கள் அடையாற்றில் குடியேறிய காலத்தில் அது பட்டணமே இல்லை. மாட்டுக் கொட்டிலும் ஈயும் நிறைந்த கிராமம். குடிக்கிற கிணற்றுக்குப் பத்தடி தள்ளிச் சாணிக்குழி. மழை பெய்தால் இரண்டும் ஒன்று. என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்திவிட்டு, வீட்டுக்கு வந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பச்சையாகக் குடிப்பார். கேட்டால், "அது பரீட்சைக்கும்மா" என்பார். மகா மேதாவி.

போதாக்குறைக்கு, துரை வீட்டுக் குழந்தைபோல எங்கள் எட்டு மாத மகளும் குடிக்கவேண்டுமென்று, நீண்ட ரப்பர் குழாய் வைத்த கண்ணாடிப் புட்டி ஒன்றை வாங்கிவந்தார். அந்தக் குழாய்க்குள் விரலும் போகாது, துடைப்பக் குச்சியும் போகாது. மோந்து பார்த்தால் குமட்டும். அதில் பால் குடிக்கத் தொடங்கிய இரண்டாம் வாரமே குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது.

உடனே வைத்திய சிகாமணியாகக் கிளம்பினார் என் நாத்தனார், கணவரின் அக்கா. "தண்ணி மட்டும் குடுத்துடாதம்மா. குடுத்தா இன்னும் போவும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் குழந்தையின் உச்சிக்குழி பள்ளமாக இறங்கியிருந்தது. "பாத்தியா, உச்சி விழுந்துகீது! அதான் நிக்காம போய்க்கினே கீது" என்று ஏதோ கண்டுபிடித்துவிட்டவர்போல் கூவி, அந்தப் பள்ளம் நிறைய விளக்கெண்ணெயை ஊற்றினார். நாக்கு வறண்டு கிடக்கிற பிள்ளைக்கு மண்டை வழியாகத் தாகம் தீர்க்கிற குடும்பத்தில்தான் நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். சுகாதார வாத்தியார் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

உடம்பு துடைத்த ஈரத்துணியைக் குழந்தை வாயால் கவ்விச் சப்பியது. கஞ்சியை வடித்து உப்புப் போட்டேன். பால் புகட்டும் சங்கை முந்தானைக்குள் மறைத்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பகல் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். புட்டியைப் போட்டு உடைத்துவிட்டுக் கை தவறிவிட்டது என்றேன். மூன்றாம் நாள் மகள் கண் திறந்து சிரித்தாள்.

"என் எண்ணெதான் காப்பாத்திச்சு" என்று நாத்தனார் தெருவெல்லாம் பெருமை பேசினார். நான் மறுக்கவில்லை. அவர் பேச்சை மீறியது தெரிந்தால் வீடு ரணகளமாகும் என்ற பயம் எனக்கு.

அடுத்த வாரம் எதிர்வீட்டுக் கைக்குழந்தைக்கும் அதே போக்கு. அதன் தாய் மூச்சிரைக்க ஓடிவந்து, "அக்கா, உங்க கொழந்தைக்கு இன்னா குடுத்தீங்க?" என்று என்னைத்தான் கேட்டாள். நாத்தனார் பக்கத்திலேயே நின்றார்.

"உச்சியில எண்ணெ வெச்சோம்" என்றேன்.

அவள் எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு நாளில் அந்தக் குழந்தை இறந்துவிட்டது. வாத்தியாரையும் நாத்தனாரையும் இவ்வளவு நேரம் ஏசினேன். அவர்களுக்காவது தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது.