நான் பார்த்த சித்திரகூடம்

சுவிஸில், சூரி நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அட்லிஸ்வில்லில், எங்கள் இந்தியப் பயணத்தில் சேர்ந்திருந்த அந்த அக்காவின் வீட்டை விட்டு இறங்கி ஸ்டேஷனை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தேன். அவர் மேலே பல்கனியில் நின்று கையசைத்துக்கொண்டிருப்பார் என்று தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன்பு அவரிடம் ஒரு பொய் சொல்லியிருந்தேன்.

அவர் கேட்டது சின்னக் கேள்விதான். "தம்பி, மந்தாகினி ஆத்தில இறங்கப் படிக்கட்டு இருக்குதோ? எனக்கு முழங்கால் ஏலாது."

"ஓம் அக்கா, எல்லாம் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். நான் பார்த்த சித்திரகூடத்தில் ஓடியது மந்தாகினி இல்லை, இந்திராவதி. அங்கே ஆறு ஒரு பாறை விளிம்புக்கு வந்து, குதிரை லாடம் போல வளைந்து, அப்படியே கீழே விழும். மாரியில் தண்ணீர் செங்கல் நிறத்தில் இருக்கும். அதில் யாரும் படியில் இறங்குவதில்லை.

சில் என்ற ஆற்றின் பாலத்தடியில் இருந்த வாங்கில் உட்கார்ந்து போனை எடுத்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தவன் நான். ஆங்கில எழுத்தை மெதுவாகத்தான் கூட்டுவேன். மந்தாகினி என்று எழுதிப் பார்த்தேன். வரைபடம் மத்தியப் பிரதேசத்தின் வடக்கு விளிம்புக்குப் போய் நின்றது. ஆற்றங்கரையில் ஓர் ஊர்: சித்ரகூட். பிறகு நான் நின்ற அருவியைத் தேடினேன். வரைபடம் தெற்கே இறங்கி, இறங்கி, சத்தீஸ்கரின் அடியில் பஸ்தர் காட்டுக்குள் போய் நின்றது. அங்கே எழுதியிருந்தது: சித்ரகோட்.

ஒன்று கூ. மற்றது கோ. நடுவில் ஒரு பகலும் ஓர் இரவும் பஸ் ஓடும் தூரம்.

அந்த அக்காவின் கணவர் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆண்டுத் திதியைச் சித்திரகூடத்தில், மந்தாகினிக் கரையில் கொடுக்கவேண்டும் என்பதற்காகத்தான் அவர் இந்தப் பயணத்தில் சேர்ந்தார். திதி, பயணத்தின் நாலாம் நாள். திதியைத் தள்ளிவைக்க முடியாது. உள்நாட்டு விமான ரிக்கெற்றுகளை வில் என்ற ஊரில் இருக்கும் பயண முகவர் அன்று மாலை ஐந்து மணிக்கு அடிக்கவிருந்தார். அடித்தால் பிறகு மாற்ற ஏலாது. அப்போது மணி இரண்டே கால்.

அந்த ஊரைப் பயணத்தில் சேர்த்தவன் நான். வழிகாட்டியாகப் போகவிருந்தவனும் நான்.

இளவயதில் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து பதிவுக்குத் தலையைக் காட்டாமல் வெளிக்கிட்டு, கிடைத்த லொறிகளில் ஏறி வடக்கே போனவன் நான். ஜபல்பூரில் ஒரு லொறிக்குக் கிளீனர் ஆனேன். அதற்குப் பிறகு ஐந்து வருடம் அந்த நடு இந்தியாவில்தான் சுற்றினேன். பேடாகாட்டில் பளிங்குப் பாறைகளுக்கு நடுவே நர்மதை ஓடுகிறது. அங்கே ஒரு மழைக்காலம் முழுக்கப் படகுகளில் தண்ணீர் இறைத்தேன். படகுக்காரர் ஒவ்வொரு பாறைக்கும் ஒரு கதையை எதுகை மோனையோடு சொல்லிச் சிரிக்க வைப்பார்கள். இந்தி எனக்கு அப்படித்தான் வந்தது. பச்மடியில் விடுதி ஒன்றில் விறகு பிளந்தேன். அமர்கண்டக்கில் நர்மதை பிறக்கும் குளத்தடியில், குளிர் காய்ச்சலோடு பதினொரு நாள் ஒரு மடத்து வராந்தாவில் கிடந்தேன். ஒருவரும் எழுப்பவில்லை, ஒருவரும் துரத்தவுமில்லை. பிறகு இரும்புத்தாது ஏற்றும் லொறியில் பஸ்தருக்குப் போனபோதுதான் அந்த அருவி.

டிரைவர் பிரேக்கைப் போட்டு, "சித்ரகோட்" என்றான்.

வடக்கத்தியார் வார்த்தைகளின் வாலை வெட்டிவிடுவார்கள். பிரசாதத்தைப் பிரசாத் என்பார்கள், தானத்தைத் தான் என்பார்கள், ராமேஸ்வரத்தை ராமேஷ்வர் என்பார்கள். அவர்களோடு பழகியதில் வெட்டின வாலை மனதுக்குள்ளேயே ஒட்டிக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. சித்ரகோட் என்று கேட்டதும் சித்திரகூடம் என்று ஒட்டிக்கொண்டேன். சுவாமி வனவாசத்தில் குடில் போட்டிருந்த இடம் இதுதானா என்று டிரைவரைக் கேட்டேன். இந்தக் காடு முழுக்க வனவாசக் காடுதான் என்று அவன் கையை விரித்துக் காட்டினான். எனக்கு அது போதும். மண்ணில் விழுந்து கும்பிட்டேன். அப்போது பஸ்தரும் மத்தியப் பிரதேசத்துக்குள்தான் இருந்தது. மாநிலத்தைச் சொல்லிக் கேட்டிருந்தாலும் பிழை பிடிபட்டிருக்காது. அதன்பின் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக, சித்திரகூடத்தை நேரில் கண்டவன் என்று சுவிஸ் முழுக்கச் சொல்லித் திரிந்திருக்கிறேன். ரெனான் என்ற ஊரில் ஒரு கிச்சனில் கோப்பை கழுவியபோதும் சொன்னேன், வில்லில் பலகை அடுக்கியபோதும் சொன்னேன்.

ஒரு வேலையிலும் வருடம் தாண்டியதில்லை. கடைசியாக வேலை போய், வேலையில்லாதோர் அலுவலகத்தில் மாதாமாதம் டெர்மின் என்று நாள் குறித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த முகவர் பெடியன் என்னைப் பிடித்தான். பெடியன் என்றாலும் முப்பது தாண்டியவன், இங்கேயே பிறந்தவன். பதினொரு பேரை இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு இரண்டு வாரம். சரிவந்தால் வருடத்துக்கு மூன்று தடவை. அந்தப் பாறைகளை, அந்தக் குளத்தை, அந்த அருவியைத் திரும்பக் காணப்போகிறேன் என்று நான் நித்திரை கொள்ளாமல் இருந்தேன்.

சூரிக்குப் போகும் ரயிலில் ஏறினேன். ஜன்னலோரம் இருந்து கணக்குப் பார்த்தேன். பேசாமல் விட்டால் என்ன? அந்த அக்காவை அருவிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். ஆற்றுக்கு இப்போது பேர் மாற்றிவிட்டார்கள் என்று சொல்லலாம். பஸ்தரில் ஓர் ஐயரைப் பிடிப்பது கஷ்டமில்லை. மற்றப் பத்துப் பேரும் அருவியைக் கண்டதும் போட்டோ எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். நான் அப்படிச் செய்யக்கூடிய ஆள்தான். அதைவிட மோசமானவற்றைச் செய்து எல்லைகளைத் தாண்டியிருக்கிறேன்.

ஆனால் அக்கா தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்ன ஒரு விஷயம் மண்டைக்குள் நின்றது. அவர்கள் இருவரையும் இந்த நாட்டில் முதலில் வைத்திருந்தது மலைக்கு அடியில் குடைந்த பழைய ராணுவப் பங்கரில். ஜன்னல் இல்லை. இரும்புக் கட்டில்கள். அவருடைய கணவர் அந்த அறைக்குச் சித்திரகூடம் என்று பேர் வைத்திருக்கிறார். ஊரை விட்டுக் காட்டுக்கு வந்தாயிற்று, இனி இதுதான் குடில் என்று. இங்கே தங்குவதற்கான பேப்பர் கிடைத்ததும் உண்மையான சித்திரகூடத்துக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போவேன் என்றாராம். பேப்பர் கிடைத்தது. பிறகு அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, கணவருக்கு இரவு வேலை, பிள்ளைகள். போன வருடம் ஆள் போய்விட்டார்.

சூரி பிரதான ஸ்டேஷனில் வில்லுக்கான ரயிலுக்கு மாறினேன். விமான நிலையம் தாண்டியதும் போன் அடித்தது. முகவர்.

"அண்ணை, உங்கட பேர் பாஸ்போர்ட்டில என்னெண்டு இருக்கு? அப்பான்ர பேர் முன்னுக்கோ பின்னுக்கோ? ரிக்கெற் அடிக்கிறதுக்கு எல்லாத்தையும் ரெடி பண்ணுறன்."

"முன்னுக்கு" என்றேன்.

"அக்கா படிவத்தில கையெழுத்து வைச்சவவோ?"

"ஓம்."

"அப்ப சரி. சூப்பர்."

வைத்துவிட்டான். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெயர் முன்னாலா பின்னாலா என்று கேட்டவனுக்கு, ஊர் பிழை என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன் என்று இப்போது எழுதலாம். உண்மை அதுவல்ல. ரிக்கெற்றில் என் பேர் ஏறட்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வழியில் வின்ரத்தூரில் ரயில் நின்றது. இறங்கினேன். ஏன் இறங்கினேன் என்று தெரியாது. அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. பிளாட்பாரத்தில் நடந்தேன். அரை மணிக்குப் பிறகு வரும் அடுத்த ரயிலில் போனால் ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் சேரலாம், அதற்கடுத்ததில் போனால் எல்லாம் முடிந்திருக்கும். பிறகு என் கையில் ஒன்றுமில்லை. அப்படித் தப்பிப்பது எனக்குக் கைவந்த வேலை. ஒரு ரயிலைத் தவறவிட்டால் போதும்.

அடுத்த ரயில் வந்தது. கதவுகள் திறந்தன. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். கதவு மூடப்போகும் சத்தம் வந்தபோது உள்ளே கால் வைத்தேன்.

வில் ஸ்டேஷனிலிருந்து ஓடினேன். முகவரின் கந்தோர் ஒரு மரக்கறிக் கடைக்கு மேல் மாடியில். கதவிலேயே அந்த அருவியின் படம் போட்ட போஸ்ற்றர்; அதன் கீழே பெரிய எழுத்தில் சித்திரகூடம். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. அவன் இரண்டு திரைகளுக்கு முன்னால் இருந்தான்.

"தம்பி, அடிச்சிட்டியோ?"

"இல்லை. என்னண்ணை, மாரத்தனோ ஓடி வாறியள்?"

"அடிக்காதே. ஊர் பிழை."

"எந்த ஊர்?"

"சித்திரகூடம்."

சிரித்தான். "பகிடி விடாதேங்கோ அண்ணை. நேரமில்லை."

"பகிடி இல்லையடா. நான் சொன்ன ஊர் வேற. சுவாமி இருந்த ஊர் வேற. எழுதிப் பார்."

அவன் எழுதிப் பார்த்தான். ஒரு திரையில் கூ, மறு திரையில் கோ. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். முகம் சிவந்தது.

"ஐயோ அண்ணை! ஒரு எழுத்துக்குப் பதினொரு சனத்தைக் காட்டுக்க கொண்டுபோய் விட்டிருப்பியளே!"

"ஓம்."

"என்ன ஓம்? ஆறு மாசமா கதவில ஒட்டியிருக்கு. கோயில்ல சப்பாத்துக் கழட்டுற இடத்திலயும் ஒட்டியிருக்கு. ஒருத்தருக்கும் தெரியேல்லை. நான் இஞ்ச பிறந்தனான், எனக்கு அங்கத்தை எல்லா ஊரும் ஒண்டுதான். நீங்கள்தானே அங்க கிடந்து எழும்பினனீங்கள்!"

"கிடந்தது உண்மை. ஊர்தான் பிழை."

"வடிவாச் சொல்லுறியள்."

போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் கொடுத்துக்கொண்டு டெல்லிக்கு எடுத்தான். ஆங்கிலத்தில் கத்தினான், சுவிஸ் ஜெர்மனில் தனக்குத்தானே திட்டினான். ராய்ப்பூர் விமானத்தை விட்டுவிட்டுக் கஜுராஹோவுக்கு மாற்றினால், அங்கிருந்து வேனில் அரை நாளில் சித்திரகூடம் போகலாம் என்று டெல்லிக்காரன் சொன்னான். பேடாகாட் இருக்கும், அமர்கண்டக் இருக்காது, பஸ்தர் இல்லவே இல்லை. திதிக்கு முதல்நாளே போய்ச் சேரலாம். அதைக் கேட்டபோதுதான் நான் கதிரையில் இருந்தேன்.

பெயர்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வந்தவன் கடைசியில் நிறுத்தினான்.

"அண்ணை, கஜுராஹோ போயிருக்கிறியளோ?"

போயிருக்கிறேன் என்றால் அவன் நம்பியிருப்பான். லொறியில் போனேன் என்று சொன்னால் சாட்சி கேட்க ஒருவரும் இல்லை.

"இல்லை."

"உண்மையான சித்திரகூடம்?"

"இல்லை."

"அப்ப உங்களை என்னத்துக்குக் கூட்டிக்கொண்டு போறது? அவையோட சேர்ந்து நீங்களும் பாதை கேக்கவோ?"

அவன் விசைப்பலகைப் பக்கம் திரும்பினான். பிறகு என் பேரை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு அடித்தான். தன் டெல்லி நண்பன் ஒரு ஆளை அங்கேயே பிடித்துத் தருவான் என்றான். "அக்காவுக்கு நீங்களே சொல்லுங்கோ. எனக்கு அந்த மனிசியோட கதைக்க முகம் இல்லை."

படியில் நின்று அழைத்தேன். முழுவதையும் சொன்னேன், மத்தியானம் சொன்ன பொய்யையும் சேர்த்து.

"அக்கா?"

"நிக்கிறன். அப்ப தம்பி, நீர் இவ்வளவு காலமும் விழுந்து கும்பிட்டது ஆரின்ர குடிலை?"

"குடில் ஒண்டும் இல்லை அக்கா. வெறும் தண்ணி."

"தண்ணியைக் கும்பிட்டது பிழையில்லை" என்றார். பிறகு குரல் மாறியது. "திதி பிந்தாதோ?"

"பிந்தாது. முதல்நாளே போய்ச் சேருவியள்."

"நீர் வாறீர்தானே?"

"இல்லை அக்கா. எனக்கு அந்த இடம் தெரியாது."

பொய் சொன்னதற்கு ஏசுவார் என்று நின்றேன். ஏசவில்லை. அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

கீழே மரக்கறிக் கடையில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவரிடம், எங்கேயாவது ஆள் தேவையா என்று கேட்டேன். ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் மரக்கறி வெட்டி அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் இரண்டு பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள் என்றார். அங்கேயே நின்று போன் பண்ணித் தந்தார். எத்தனை நாள் நிற்பாய் என்று கேட்டார்கள். வேண்டிய நாள் என்றேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வெள்ளை அங்கி, நீலத் தொப்பி, முழங்கால் வரை றப்பர் சப்பாத்து. போர்த்துக்கீசப் பெண் ஒருவர் கையால் சைகை காட்டி வேலையைச் சொல்லித் தந்தார். தோல் உரிந்த உருளைக்கிழங்கு தண்ணீரோடு பெல்ற்றில் வரும். கறுப்புக் கண் உள்ளதை எடுத்து, சின்னக் கத்தியால் தோண்டி, திரும்பப் போடவேண்டும். பெல்ற் நிற்காது. முதல் மணித்தியாலத்தில் நிறையத் தவறவிட்டேன். அவர் எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, நான் விட்டதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் முன்னாலேயே திரும்ப வைத்தார்.