பரீட்சையில் தவறியவனுடன் ஆரணிக்கு

ரயில் காட்பாடியை விட்டுக் கிளம்பியதும் அவனை ஜன்னல் ஓரத்திலிருந்து எழுப்பி நடுவில் உட்கார வைத்தேன். பெட்டிக் கதவுக்கும் அவனுக்கும் இடையில் நான் உட்கார்ந்துகொண்டேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

அப்போது நான் சென்னையில் ஒரு கலாசாலையின் மாணவர் விடுதியைக் கவனித்துக்கொண்டிருந்தேன். பி.ஏ. முடித்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பிள்ளைகள் வேளைக்குச் சாப்பிடுகிறார்களா, காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போகிறார்களா என்று பார்ப்பதுதான் வேலை. மனம் கலங்கிப் போனவனை என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அவன் ஆரணியில் பட்டு நெய்கிற வீட்டுப் பிள்ளை. அவர்கள் தெருவிலிருந்து பள்ளியைத் தாண்டி, பி.ஏ.வுக்கு முந்தின எப்.ஏ. வகுப்புவரை வந்தவன் அவன் ஒருவன்தான். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் தெருவே அவனைக் கலெக்டர் என்றுதான் கூப்பிடுமாம். அதை முதலில் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னவனும் அவன்தான்.

அந்த வருஷம் பரீட்சை முடிவில் அவன் பெயர் இல்லை. அவன் அழவில்லை. மெல்ல மெல்லச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வருவதை நிறுத்தினான். பிறகு குளிப்பதை, பிறகு பேசுவதை. ஒரு காலை அவன் அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. எவ்வளவு தட்டியும் திறக்கவில்லை. நானும் சமையற்காரரும் கதவை உடைத்தோம். மூலையில் காதுகளைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சிரிக்கிறாங்க சார். நிறுத்தச் சொல்லுங்க" என்றான்.

விடுதியில் யாரும் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் வாசலில் வாயடைத்து நின்றிருந்தார்கள்.

டாக்டர் வந்து பார்த்து, பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம் என்றார். கலாசாலைத் தலைவரான வெள்ளைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஆரணிப் பக்கத்துக் கிராமத்தான் என்பது அவருக்குத் தெரியும். "ஆஸ்பத்திரியா, வீடா? நீரே சொல்லும்" என்றார். அந்த ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை வேறொருவரைப் பார்க்கப் போயிருக்கிறேன். அங்கே கேட்ட கூச்சல் நினைவுக்கு வந்தது. "வீடு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன நொடியிலிருந்து பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. வழியில் இவனுக்கு ஏதாவது ஆனால்?

களம்பூர்ப் பக்கம் ரயிலிலிருந்து இறங்கி மாட்டு வண்டி பிடித்தோம். அந்தச் சாலையில் பலமுறை போயிருக்கிறேன். ஓரத்தில் அத்தனை கிணறுகள் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். ஒன்றுக்கும் சுற்றுச்சுவர் கிடையாது. அவன் மேல்துண்டின் முனையை என் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். கை வேர்த்துத் துண்டு நனைந்துவிட்டது. ஊர் நெருங்கும்போது அவன் வாய் திறந்தான்.

"நைனாகிட்ட சொல்லாதீங்க சார்."

"எதை?"

அவன் துண்டின் மறுமுனையால் முகத்தை மூடிக்கொண்டான்.

அவன் தகப்பனார் தறிக் குழியிலிருந்து எழுந்து வந்தார். "வாய்யா கலெக்டரு!" என்று ஆரம்பித்தவர் அவன் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். தாயார் ஓடிவந்து அவன் கன்னத்தைத் தொட்டார். உடம்பு சரியில்லை, ஓய்வு வேண்டும், தனியாக விடக்கூடாது என்று மட்டும் சொன்னேன். நான் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்த கூலிக்காரக் குடும்பத்துப் பிள்ளை. மற்ற நாளாக இருந்தால் அந்த வீட்டு வாசலோடு நின்றிருப்பேன். அன்று நான் யார் என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. உள்ளே பாய் போட்டார்கள்.

மறுநாள் அவன் தாய்மாமன் ஒரு பூசாரியைக் கூட்டி வந்தார். காற்று அடித்திருக்கிறது, விரட்டினால் சரியாகிவிடும் என்றார். பூசாரியின் கையில் சாட்டை இருந்தது. அதைக் கண்டதும் பையன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கினான். நான் எழுந்தேன், ஆனால் முன்னே போகவில்லை. அது என் வீடு இல்லை, என் ஜனம் இல்லை. என்ன உரிமையில் தடுப்பது?

தாயார்தான் நடுவில் வந்து நின்றார். "யாரு மேல சாட்டைய ஓங்குற? பேயும் இல்ல, பிசாசும் இல்ல. என் புள்ள பயந்துகினு கீறான். ஜல்தியா எட்த்துகினு கெளம்பு."

மாமன் கோபித்துக்கொண்டு போனார். அந்த அம்மாள் சமையலறைக்குள் போய், வெகுநேரம் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு அவன் இரண்டொரு வாய் கஞ்சி குடித்தான். கொஞ்சம் தூங்கவும் செய்தான். நானும் அவனை விட்டு நகரவில்லை. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் கொல்லைப்புறம் போனேன். திரும்பி வந்தால் பாய் காலியாக இருந்தது.

நான் போட்ட சத்தத்தில் தெருவே ஓடிவந்தது. ஆளுக்கொரு கிணற்றைத் தேடி ஓடினார்கள். நான் கோயில் பக்கத்துக் கிணற்றின் விளிம்பில் மண்டியிட்டேன். கண்ணைத் திறந்து உள்ளே பார்க்க முடியவில்லை. ஜெபம் செய்ய வாயைத் திறந்தேன், ஒரு வார்த்தையும் வரவில்லை. கடைசியில் பார்த்தேன். கலங்காத தண்ணீரும் அதில் என் முகமும்தான் இருந்தன.

"ஆத்துப் பக்கம் போனத பார்த்தேங்க" என்று ஒரு கிழவர் சொன்னார்.

பங்குனி வெயில். கமண்டல நாகநதியின் மணல் காலைப் பொசுக்கியது. ஆற்றின் நடுவே, பட்டு நூல் அலசுகிறவர்கள் தோண்டிய ஊற்றுக்குப் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். ஊற்றில் கணுக்கால் அளவுத் தண்ணீர் இருந்தது. நான் அவன் பக்கத்தில் விழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"செத்துப் போலாம்னு வந்தேன் சார்" என்றான். "ஆத்துல தண்ணியே இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தான். கதவை உடைத்த நாளிலிருந்து அவன் முகத்தில் நான் கண்ட முதல் சிரிப்பு அது. பிறகு அழுதான். நானும் அழுதேன். அந்தச் சமயத்தில் அவன் தகப்பனார் மூச்சிரைக்க ஓடிவந்து எங்கள் எதிரே நின்றார்.

"இன்னாதான் ஆச்சு சார்? எங்கிட்டயாவது சொல்லுங்களேன்."

நான் பையனைப் பார்த்தேன். அவன் மணலைப் பார்த்தபடி, "பெயிலாயிட்டேன் நைனா" என்றான்.

அவர் கை ஓங்குவாரோ, காறித் துப்பிவிட்டுப் போவாரோ என்று பயந்தேன். அவர் கொதிக்கிற மணலில் உட்கார்ந்தார்.

"அவ்ளோதானா?" என்றார். "இதுக்காடா?"

"தெருவுல எல்லாரும் கேப்பாங்களே. சிரிப்பாங்களே."

அவர் எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார். பிறகு அவன் கையைப் பிடித்துத் தூக்கினார். தெருமுனைக்கு வந்ததும் எங்களைப் பின்னால் வரச்சொல்லிவிட்டு முன்னே நடந்தார். தேடிப் போனவர்களெல்லாம் திரும்பி வந்து கூடி நின்றார்கள். அவர் வீடு வீடாக நின்று உரக்கச் சொன்னார்: "எம் மவன் பரிச்சையில தவறிட்டான். இன்னா ஏதுன்னு கேக்கணும்னா எங்கிட்ட கேளுங்க. அவன யாரும் ஒண்ணும் கேக்காதீங்க. இனிமே கலெக்டருன்னும் கூப்டாதீங்க."

எனக்கு அந்தத் தெரு முடியவே முடியாது போலிருந்தது. யாராவது ஒருவர் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்ற திகிலோடு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் தன் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பையன் குனிந்த தலை நிமிரவில்லை. ஆனால் காதைப் பொத்திக்கொள்ளவும் இல்லை.

அன்றோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. நான் சென்னைக்குத் திரும்பிய பிறகும் பல மாதம் அவனுக்குக் கெட்ட நாட்கள் வந்துபோயின என்று கேள்விப்பட்டேன். அடுத்த வருஷம் தகப்பனாரே அவனைக் கூட்டிக்கொண்டு வந்து விடுதியில் விட்டார். அந்த முறை தேறினான். மேலே படிக்கவில்லை, ஆரணியிலேயே ஒரு பள்ளியில் உபாத்தியாயராகச் சேர்ந்தான். கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தான்.

விடுதியில் நான் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். பரீட்சை முடிவு வருகிற வாரம் அறை அறையாகப் போய் உட்காருவேன். பாடத்தைப் பற்றிப் பேசமாட்டேன். சாப்பிட்டாயா, ஊரில் மழை உண்டா என்று கேட்பேன். தவறியவன் வீட்டுக்கு முதலில் யார் சொல்வது என்பதை அவனோடு பேசி முடிவு செய்வேன். சிலர் இதைக் கோழைத்தனம் என்று கேலி பேசினார்கள். அப்படியே இருக்கட்டும். பிற்பாடு அதே விடுதியில் ஒரு பிள்ளையை நான் இழக்கவும் செய்தேன். அதைப் பற்றி இங்கே எழுத என்னால் முடியவில்லை. இத்தனை வருஷமாகியும், தட்டிய கதவு திறக்கக் கொஞ்சம் தாமதமானால் எனக்குக் கைகால் சில்லிட்டுப் போகிறது.