மெண்டியாங் கமலநாதன்

தாம் செத்துப்போன செய்தியைக் கமலநாதன் மலாய் மொழியில்தான் படித்தார்.

ஜொகூரில் ஒரு பல்கலைக்கழகம். அங்கே பழைய கருவிகளைச் சேர்த்து வைத்திருக்கும் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. பழுப்பேறிய உடம்பு, பச்சை எழுத்து காட்டும் குட்டித் திரை, கீபோர்டில் பொத்தானுக்குப் பொத்தான் சிவப்பு நிறத்தில் ஒரு தமிழ் எழுத்து. எண்பதுகளில் சிங்கப்பூரிலிருந்து துண்டு துண்டாக வாங்கி வந்து தம் கையாலேயே பூட்டிய சாமான். பார்த்ததும் நெஞ்சு விம்மியது. அப்புறம்தான் கீழே இருந்த விவர அட்டையைப் பார்த்தார். அவருடைய பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு சொல்லும் இருந்தது. மெண்டியாங்.

இந்த நாட்டில் பிறந்தவர்களுக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. முஸ்லிம் அல்லாதவர் காலமாகிவிட்டால் பெயருக்கு முன்னால் போடுவது. நாம் அமரர் என்று போடுகிறோமே, அதேதான்.

கமலநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். சொல் அப்படியே இருந்தது. வேறு கமலநாதனாக இருக்குமோ என்று பார்த்தால், தகப்பனார் தங்கராஜுவின் பெயரும் ஒட்டிக்கொண்டு நின்றது. அப்படியே பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அது காட்சிக்கு வைத்த நாற்காலி. உட்காரக் கூடாது என்று ஒரு பெண் ஓடி வந்தாள்.

இத்தனைக்கும் அன்று காலை மனிதர் மாப்பிள்ளை மாதிரி கிளம்பியிருந்தார். பெட்டியடியில் கிடந்த பூப்போட்ட பத்தேக் சட்டையைத் தேய்த்துப் போட்டு, நரைக்கு மை தடவி, கப்சாய் மோட்டார் சைக்கிளைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் புறப்பட்டார். சிங்கப்பூரில் கூட வேலை செய்த செல்வா, "டேய், உன் கம்ப்யூட்டர் ஃபேஸ்புக்ல வருதுடா, யூனிவர்சிட்டில வச்சிருக்காங்க, செவப்பு எழுத்தப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு" என்று போன வாரம் சொன்னதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. அந்தக் கம்ப்யூட்டர் பெக்கான் நானாஸ் வீட்டில் அல்லவா இருந்தது? மனைவி பிரேமலாதானே கொடுத்திருக்க முடியும்? இத்தனை வருஷம் குப்பையில் போடாமல் வைத்திருந்து, அவர் பெயரையும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்றால், அவள் மனதில் இன்னும் தமக்கு ஓர் இடம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? வீட்டுக்குத் திரும்பிப் போகலாமா, போனால் கதவு திறக்குமா என்று ஒரு வருஷமாக மருகிக்கொண்டிருந்தவருக்கு அது அழைப்பு மாதிரியே பட்டது.

வீட்டை விட்டுப் போன கதையைக் கேட்டால் உங்களுக்கு எரிச்சல்தான் வரும். எனக்கும் வருகிறது. கமலநாதன் கெட்டவரா என்றால் இல்லை. குடி இல்லை, அடிதடி இல்லை, வேறு பெண் இல்லை. பண்டார் தெங்காரா பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, ஜொகூர் பாருவில் டிவி பழுது பார்க்கும் கடையில் சேர்ந்து, புத்தகத்தைப் பார்த்தே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட சூட்டிகையான ஆள். பெக்கான் நானாஸில் கடை மாடியில் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தார். திரையில் தமிழ் எழுத்து வந்தே தீர வேண்டும் என்று புள்ளி புள்ளியாக எழுத்துகளை உருவாக்கினார். கல்யாணமான புதிதில் பிரேமலா தன் நகப்பாலிஷைக் கொண்டுவந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்த எழுத்துகளைப் பொத்தான்களில் வரைந்து கொடுத்தாள். அன்றைக்குத்தான் இருவரும் அதிகம் சிரித்தார்கள்.

பிறகு சிங்கப்பூரில் வேலை. முதலில் தினமும் பாலத்தைக் கடந்து போய் வந்தார். அப்புறம் அங்கேயே ஓர் அறை எடுத்து வாரம் ஒருமுறை வந்தார். வாரம் மாதமாயிற்று, மாதம் தீபாவளிக்குத் தீபாவளி ஆயிற்று. வந்தாலும் மகள் ஷர்மினி பேசப் பேச எதிலாவது திருகாணி கழற்றிக்கொண்டிருப்பார். ஒரு தீபாவளிக்கு வேலை அதிகம் என்று வரவில்லை. அடுத்த தீபாவளிக்கு, போன வருஷம் போகாத வெட்கத்தில் வரவில்லை. வெட்கம் வளர வளர ஃபோனும் நின்றது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று கூலாயில் வாடகை அறையில் தனியாகக் கிடந்தபோதுதான் ஐயாவுக்கு வீடு ஞாபகம் வந்தது.

ஓடி வந்த பெண் அந்தக் கூடத்தின் அதிகாரி. பெயர் ஹஜார். கமலநாதன் தம் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அவள் அதையும் விவர அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். "யா அல்லாஹ்! அங்கிள்!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் மலாயில் மன்னிப்பு மேல் மன்னிப்பு. புவான் பிரேமலாவின் வீட்டுக்குத் தானே போனதாகவும், இதைச் செய்தவர் எங்கே என்று கேட்டதற்கு அந்தம்மா, "டியா சுடா தக் அடா" என்று சொன்னதாகவும் சொன்னாள்.

கமலநாதனுக்குச் சட்டென்று மூச்சு வந்தது. அட, இவ்வளவுதானா! தக் அடா என்றால் இல்லை. அவர் இப்போது இல்லை. வீட்டில் இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம், உலகத்திலேயே இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். தமிழிலும் அதே கூத்துதானே! பிரேமலா தமிழில் நினைத்து மலாயில் சொல்லியிருக்கிறாள், இந்தப் பெண் மலாயில் கேட்டுக் கருமாதியே செய்துவிட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். பயந்து நின்ற ஹஜாரும் மெல்லச் சிரித்தாள்.

"அட்டைய மாத்திடுறோம், அங்கிள். குடுத்தவங்க அவங்க, அவங்ககிட்டயும் ஒரு வார்த்த கேக்கணும்" என்றாள் அவள் மலாயில்.

"நானே கேட்டுட்டு வர்றேன்" என்றார் கமலநாதன். வீட்டு வாசலில் போய் நிற்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? வழியில் பூக்கடையில் நிறுத்தி மல்லிகைச் சரம்கூட வாங்கிக்கொண்டார். வண்டி சாலையில் போகவில்லை, மிதந்தது.

பெக்கான் நானாஸில் அந்தத் தாமான் குடியிருப்பு மாறவில்லை. வீட்டுக்கு மட்டும் புதுச் சாயம். கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்ற பிரேமலாவுக்கு அறுபது தாண்டியிருந்தது. அவரைப் பார்த்ததும் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வரவேற்பு ஒன்றும் இல்லை. தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு, "உள்ள வாங்க, சீக்கிரம்" என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே போனதும் அவர் கண் அவள் கழுத்துக்குப் போனது. மெல்லிய சங்கிலி ஒன்று கிடந்தது. தாலியைக் காணோம். அவர் அதைப் பார்க்காதது போலச் சிரித்துக்கொண்டே கதையைத் தொடங்கினார்.

"உன் மலாயால நான் செத்தே போய்ட்டேன் போ! தக் அடான்னு நீ பாட்டுக்குச் சொல்லிட்ட. அந்தப் பொண்ணு மெண்டியாங்னு எழுதி வச்சிருக்கு!"

பிரேமலா சிரிக்கவில்லை.

"என் மலாய்க்கு என்ன கொறச்சல்? ஃபேக்டரில மலாய்க்காரப் புள்ளைங்கள வச்சித்தான் இத்தன வருசம் வேல வாங்கினேன். அந்தப் பொண்ணும் வெவரமான பொண்ணுதான். மெனிங்கால் ஆயிட்டாரான்னு திருப்பிக் கேட்டிச்சு. யா, ஆமான்னு சொன்னேன்."

மெனிங்கால் என்றால் மரணம். அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் கிடையாது. கமலநாதனின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது, அதை எப்படி இறக்கி வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஏன் பிரேமா?"

"ஷர்மினி கல்யாணத்துலயே அப்படித்தான சொன்னோம்."

"கல்யாணமா? ஷர்மினிக்கா? எப்ப?"

"நாலு வருசமாச்சு." அவள் குரலில் கோபம்கூட இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. "பொண்ணோட அப்பா எங்கன்னு மாப்பிள்ள வீட்ல கேட்டாங்க. விட்டுட்டுப் போய்ட்டாருன்னு சொன்னா ஏன் எதுக்குன்னு கேப்பாங்க. குடிகாரனா, வேற பொம்பள வச்சிருந்தானான்னு கேப்பாங்க. அப்படி ஏதாவது இருந்தாலும் சொல்லிட்டுப் போலாம். ஒண்ணுமே இல்லாம ஒரு மனுசன் வீட்டுக்கு வர்றத மறந்துட்டான்னு யாருகிட்ட சொல்றது? யாரு நம்புவாங்க? செத்துட்டாருன்னு சொன்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. கல்யாணப் பத்திரிகைல அமரர்னு போட்டோம். என் தம்பி தார வார்த்துக் குடுத்தான்."

தம் மகள் மணவறையில் உட்கார்ந்திருந்த நாளில் தாம் கூலாயில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று கமலநாதன் யோசித்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எந்த வேலையும் இல்லாத ஏதோ ஒரு நாள்.

"ஷர்மினி... அவ எப்படி ஒத்துக்கிட்டா?"

பிரேமலா சற்றுத் தயங்கினாள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று அவள் நினைத்தது முகத்தில் தெரிந்தது.

"நான் ரொம்ப அழுதேன். அவதான் சொன்னா. அமரர்னு போட்ருங்கம்மா, அப்பா ஒண்ணும் வந்து கேக்கப் போறதில்லன்னு."

அவ்வளவுதான். விவர அட்டையில் படித்தபோது உட்கார்ந்ததோடு போயிற்று. இப்போது ஆளே காலியாகிப்போனார். கையிலிருந்த மல்லிகைப் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசைமேல் வைக்கப் போனார்.

"ஐயோ, அத இங்க வைக்காதீங்க! மருமகன் வர்ற நேரம். எவரோ வந்து எனக்குப் பூ குடுத்துட்டுப் போறதாவா?"

எவரோ. கமலநாதன் பொட்டலத்தைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். திரும்பி வரலாமா என்று கேட்கத்தான் அவர் வந்திருந்தார். வாயைத் திறக்கப் போனார். வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது.

உள்ளே வந்தது கலகலப்பான ஒரு பிள்ளை. கையில் மாமியாருக்கு மருந்துப் பை. "அத்தை, கிளினிக்ல இன்னிக்கு ஒரே கூட்டம் லா" என்று சொல்லிக்கொண்டே வந்தவன் புதிய மனிதரைப் பார்த்து நின்றான். "யாரு அத்தை?"

பிரேமலா கமலநாதனைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. கல்யாணமான காலத்திலிருந்து அவள் அவரிடம் எதற்குமே கெஞ்சியதில்லை. வாங்க என்றோ இருங்க என்றோ போகாதீங்க என்றோகூட.

"யூனிவர்சிட்டிலருந்து வர்றேன் தம்பி" என்றார் கமலநாதன். "கம்ப்யூட்டர் விசயமா ஒரு வார்த்த கேக்கணும்னு."

"ஓ, மாமாவோட கம்ப்யூட்டரா!" பிள்ளையின் முகம் மலர்ந்தது. "நான் கவின். இந்த வீட்டு மருமகன். உக்காருங்க சார். மாமாவப் பத்தி அத்தையும் ஷர்மினியும் வாயே தெறக்க மாட்டாங்க, பேசினா அழுக வந்துருமோ என்னமோ. அவ்ளோ மூளக்கார மனுசன், ஒரு தடவ பாக்கக் குடுத்து வைக்கல. நீங்க அவரப் பாத்திருக்கீங்களா சார்?"

"இல்ல தம்பி. பாத்ததில்ல."

"அலமாக், நான் ஏதாச்சும் கத கெடைக்கும்னு நெனச்சேன்." கவின் மருந்துப் பையை மேசைமேல் வைத்தான். அப்புறம் அக்கறையோடு கேட்டான். "அங்க பேரு, வெவரம்லாம் சரியா எழுதியிருக்காங்களா சார்? நல்லாப் பாத்துக்குங்க. தப்பா எழுதிட்டா, செத்தவரு வந்து திருத்தவா போறாரு?"

கமலநாதன் எழுந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்காங்க தம்பி" என்றார்.