அச்சு என்று எழுதினேன்

எங்கள் பட்டுக் காட்சிக்கூடம் திறந்த முதல் நாள், கண்ணாடிப் பெட்டி முன்னால் ஒருவர் குனிந்தார். பெட்டிக்குள் இருந்தது நான் வாலிபத்தில் நெய்த சேலை. அரக்கு உடல், பச்சைக் கரை. சேலைக்காகத்தான் குனிகிறார் என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அவர் படித்துக்கொண்டிருந்தது கீழே இருந்த அட்டையை. படித்து முடித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார். "இங்க வந்து பாரேன், இன்னாமா எழுதியிருக்காங்க!" அன்றைக்கு வயிற்றில் பற்றியது இன்னும் அணையவில்லை.

அட்டை எழுதியவர் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. திருப்புட்குழியிலிருந்து பஸ்ஸில் வருவார். நான் நாலாவது வரைக்கும்தான் படித்தவன். மாகறலில் ஏர் பிடித்த குடும்பம். தறிக்குழியில் கால் இறக்கியபோது எனக்குச் சொல்லித்தர ஆள் கிடையாது, பார்த்துப் பார்த்தே பழகினேன். இன்றைக்குக் கடை மூன்று மாடி. காட்சிக்கூடத்துக்கு மேல்மாடியைக் கொடுத்தது நான். பழைய தறியைப் பிரித்து மாடிக்கு ஏற்றித் திரும்பப் பூட்டியது நான். எந்த விளக்கு எங்கே விழுந்தால் ஜரிகை மின்னும் என்று நின்று பார்த்து வைத்ததும் நான்தான். பீற்றிக்கொள்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பொய் இல்லையே. அந்த அம்மா செய்தது கையகல அட்டையில் நாலு வரி எழுதியது. ஊரே அதைத்தான் பேசியது.

அவர் எழுதும் விதமும் எனக்குப் பிடிக்காது. ஒரு அட்டைக்கு வாரக்கணக்கில் ஆகும். எழுதியதை எடுத்துக்கொண்டு வாசலில் பூக்கட்டும் பெண்ணிடம் போவார், டீ ஆற்றுகிறவரிடம் போவார். வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். எந்தச் சொல்லுக்கு "அப்படின்னா இன்னாக்கா?" என்று கேட்டார்களோ அதை அடிப்பார். என் சேலைக்கு இப்படி எழுதினார்: "உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டு பேர் சேர்ந்து நெய்தார்கள். இரண்டு நிறமும் கைகோர்க்கும் இடத்தைத் தேடிப் பாருங்கள். தட்டுப்படவில்லையா? நெய்தவர்கள் ஜெயித்துவிட்டார்கள்." கரைப் பக்கம் உட்கார்ந்து ஊடை நூல் ஓடும் நாடாவைத் தள்ளிய ஆளையும் எனக்குச் சமமாக்கிவிட்டார்!

"எம் பேரு எங்கம்மா?" என்று கேட்டேன்.

"படிக்கிறவரு நின்னுகினு படிக்கிறாரு அண்ணே. கால் வலிக்கும்" என்று சிரித்தார்.

என் பெயர் அடுத்தவருக்குக் கால்வலி. பொறுக்கவில்லை. அவர் வெளியூர் போயிருந்த வாரத்தில் அட்டையைக் கழற்றிவிட்டு, நானே ஒன்று எழுதிச் சட்டம் போட்டு மாட்டினேன். பெயர், ஊர், நாலாம் வகுப்பு எல்லாம் வந்தது. கடைசி வரி: "இவ்வளவு நயமான அச்சில் வந்த சேலை இந்த ஊரில் வேறு இல்லை." தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைச் சீப்பு மாதிரி பிரித்து நிறுத்தும் சட்டம்தான் எங்களுக்கு அச்சு. அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருப்பது தறியோடு கிடந்தவனுக்கு எங்கே ஞாபகம் வரும்?

ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் வந்தது. பெரியவர் கடைசி வரியை உரக்கப் படித்தார். "அட, பிரிண்ட் போட்டதாம்பா!"

"அதானே பார்த்தேன். மிஷின்ல அடிச்சாதான் இவ்ளோ நேரா வரும்" என்றாள் மருமகள்.

அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்கள். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். விளக்கைச் சரிபண்ணுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள்.

மறுநாள் அந்த அம்மா வந்து என் அட்டையைப் பொறுமையாகப் படித்தார். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். "நானும் மொதல்ல அச்சுன்னுதான் எழுதினேன் அண்ணே. பூக்காரப் பொண்ணு 'பிரிண்டாக்கா?'ன்னு கேட்டுச்சு, அடிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு, தன் அட்டையை எடுத்து மாட்டினார். என்னை ஜெயித்தவர் அவர்கூட இல்லை, பூக்காரி!

இப்போது அவர் மகளோடு பெங்களூரில் இருக்கிறார். அட்டை இங்கேயே இருக்கிறது. ஆட்கள் இன்னும் குனிகிறார்கள், நிறம் சேரும் இடத்தைத் தேடுகிறார்கள். போன வாரம் ஏனாத்தூர் காலேஜில் படிக்கும் பெண் ஒருத்தி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"தாத்தா, செமையா இருக்குது. இத எழுதினது யாரு?"

நெய்தது யார் என்று கேட்பாள் என்று கொஞ்சம் பார்த்தேன். கேட்கவில்லை.

"நான்தாம்மா" என்றேன்.