நான்காவது இதழ்

படத்தை இன்னும் பெரிதாக்கினாள். எல்லாம் கட்டங்களாக உடைந்துபோனதால் கொஞ்சம் சிறிதாக்கினாள். செம்மண்ணில் வெள்ளையாக ஒரு திட்டு. சற்றுத் தள்ளி மூன்று பளபளப்புகள். செவ்வாயைச் சுற்றும் விண்கலம் போன மாதம் அதே இடத்தை எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்தாள். வெயிலின் சாய்வு மாறியிருந்தது, மினுக்கமும் மாறியிருந்தது. பாறை அப்படி மினுங்காது.

வெள்ளைத் திட்டு அண்ணனின் பாராசூட்.

செவ்வாய்க்குப் போகும் கலங்களுக்குப் பாராசூட் மடிப்பவராக இருந்தார் அண்ணன். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, துணியைத் தடவித் தடவி மடிப்பார். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு ரோவர் வண்டியை வயிற்றில் வைத்துக்கொண்டு இறங்கிய கலம் பூமியோடு பேசவே இல்லை. தரையைத் தொட்டதும் பூப்போல நான்கு இதழ் விரிக்க வேண்டிய கலம். பாராசூட் விரியாமல் போயிருக்கலாம் என்றது விசாரணைக் குழு. கேன்டீனுக்கு வந்து சேர்வதற்குள் அது 'விரியவில்லை' ஆகிவிட்டது.

"குடைக்காரரே, மழை வர்ற மாதிரி இருக்கு. உங்க குடை விரியுமா?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் அண்ணன் வேலையை விட்டார். லாரிக்குத் தார்ப்பாய் தைக்கும் கடை போட்டார். அதற்குப் பிறகு அவர் குடை பிடித்து யாரும் பார்த்ததில்லை.

அதே அலுவலகத்தில் விண்கலம் அனுப்பும் படங்களை ஆராயும் வேலையிலிருந்த தங்கை, சாப்பாட்டு இடைவேளைகளில் அந்தக் கலத்தைத் தேடிக்கொண்டே இருந்தாள்.

அலுவலக இயக்குநரும் பார்த்து உறுதிசெய்ததும், படத்தை அச்செடுத்துக்கொண்டு அண்ணனின் கடைக்கு ஓடினாள்.

"அண்ணா, மெஷினை நிறுத்து. உன் குடை விரிஞ்சிருக்குண்ணா!"

பெடலிலிருந்து காலை எடுத்தார்.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நீயே பாரு. எவ்வளவு அழகா விழுந்திருக்கு! நாளைக்கு அறிவிக்கப் போறாங்க. கேன்டீன்ல கேலி பண்ணினவன் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்குவான்?"

அவர் சிரிக்கவில்லை. விரல் வெள்ளைத் திட்டைத் தாண்டி நகர்ந்தது.

"மூணுதானே இருக்கு. இதழ் நாலாச்சே?"

"நாலாவது திறக்கலை. ஆன்டெனா அதுக்கு அடியில. அதான் பேச முடியலை."

"மத்ததுல எல்லாம் சூரியத் தகடு இருக்குமே."

"இருக்கும்."

"அப்ப வெயில் பட்டு கலம் முழிச்சிருக்கும்."

அவள் படத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.

"மோதித் தூளாயிடுச்சுன்னு நினைச்சிருந்தேன்மா. ஒரு நொடி. அதோட போயிருக்கும்னு." மூன்று பளபளப்புகளையும் விரலால் தொட்டார். "தினம் காலைல கூப்பிட்டிருக்குமா?"

"கூப்பிடச் சொல்லித்தான் அதுக்கு எழுதி வெச்சிருந்தாங்க."

"மூடிக்குள்ளயே."

"ஆமாண்ணா."

"எவ்வளவு நாள்?"

"தூசி மூடற வரைக்கும். மாசக்கணக்கா இருக்கலாம்."

தைத்துக்கொண்டிருந்த பாயை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். பழி விழுந்தபோதுகூட அவர் அழுது அவள் பார்த்ததில்லை. பாரத்தை இறக்கிவைக்க வந்தவள், படத்தைச் சுருட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

மறுநாள் அறிவிப்பு வந்தது. பாராசூட் சரியாக விரிந்தது என்று நடுவில் ஒரு வரி இருந்தது. இயக்குநர் அண்ணனுக்குப் போன் செய்தார். அவர் எடுக்கவில்லை. ஒரு லாரிக்காரர் வந்து பாயை வாங்கிப் போனார். மதியம் மழை பெய்தது. அண்ணன் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார். இடைவேளையில் தேடுவதற்கு ஒன்றும் இல்லாததால் தங்கை சாப்பிட்டாள்.