பெருமாயியின் ஐந்து கிலோ கல்

தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே ஒரே இழுப்பு. லைஃப் ஜாக்கெட் ஏறி வந்து மோவாயில் முட்டினால் போச்சு, பெருமாயியின் முகம் மாறிவிடும். "சட்டையாட்ட மாட்டிக்கிட்டு நின்னா ஆச்சுங்களா? வாரை இழுத்துக் கட்டுங்க சாமி" என்று சொல்லிக்கொண்டே மூன்று வாரையும் தன் கையாலேயே இறுக்குவாள். மூச்சு முட்டுகிறது என்பார் கட்டிக்கொண்டவர். "பேச்சு வருதில்லீங்க? அப்ப மூச்சும் வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவாள்.

கொல்லிமலை வாசலூர்பட்டி ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமை காலை இப்படித்தான் தொடங்கும். சுற்றுலா வருகிறவர்கள் மிதிபடகில் சுற்றுவதைப் பார்த்துப் பார்த்து, நம்மூர்த் தண்ணியில் நாம் இறங்கக் கூடாதா என்று பதினாறு பேர் சேர்ந்து ஆரம்பித்த படகுச் சங்கம் அது. நான்கு துடுப்புப் படகு, பதினோரு லைஃப் ஜாக்கெட். எல்லாமே வேறெங்கோ உழைத்துக் களைத்து மலையேறி வந்தவை. ஒன்பது மணிக்குப் படகு இல்லம் திறந்துவிடும். அதற்கு முந்திய இரண்டு மணி நேரம் ஏரி இவர்களுடையது.

சங்கத்துக்குத் தலைவர் உண்டு, செயலாளர் உண்டு. பெருமாயிக்கு ஒரு பதவியும் கிடையாது. வயது நாற்பத்தெட்டு. மிளகும் மரவள்ளியும் போட்ட காடு ஒன்றரை ஏக்கர். குரல் மட்டும் எதிர்க்கரை வரைக்கும் போகும். அவள் தலையாட்டாமல் ஒரு படகும் கரையை விட்டு நகராது. இதை யாரும் தீர்மானம் போட்டு எழுதவில்லை, தானாக அப்படி ஆகிவிட்டது.

அவளுடைய ஆயுதம் ஒரு ஐந்து கிலோ எடைக்கல். மிளகு நிறுக்கத் தட்டுத் தராசு வைத்திருந்த காலத்து இரும்புக் கல். எல்லாரும் கரண்ட் தராசுக்கு மாறிய பிறகு கல்லுக்கு வேலை போய்விட்டது. பெருமாயி அதற்கு ஏரியில் வேலை போட்டுக் கொடுத்தாள். போட்டி நாள் காலையில் ஒவ்வொரு ஜாக்கெட்டாக எடுத்து, கல்லை உள்ளே வைத்துக் கட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு படித்துறையிலிருந்து தண்ணீரில் விடுவாள். பிறகு ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வாள். மென்று முடிக்கும் வரை மிதந்தால் ஜாக்கெட் தேறிற்று. முழுகினால் இடுப்பில் செருகிய அரிவாளை உருவி மூன்று வாரையும் அறுத்துப் போடுவாள்.

"ஓரமா வச்சாப் பத்தாதுங்களா?" என்று கேட்டவர்கள் உண்டு.

"பத்தாதுங்க. அவசரத்துல ஒருத்தரு அதையே எடுத்து மாட்டிக்குவாரு. வாரே இல்லைன்னா எதை மாட்டறது?"

பார்த்தால் புதுசு மாதிரி இருக்கிறதே, இதைப் போய் அறுப்பதா என்று யாராவது இழுத்தால், "நீங்க சொல்லாதீங்க, நானும் சொல்லலை. கல்லு சொல்லட்டும்ங்க" என்பாள். அந்தக் காலைகளில் பத்து வெற்றிலை தீரும்.

மடியில் பலாக்கொட்டை கட்டியிருப்பது அவளுடைய இன்னொரு வழக்கம். ஓர் ஆள் படகேறினால் ஒரு கொட்டை மடிக்குள் போகும். ஆள் திரும்பி வந்தால் கொட்டை வெளியே வரும். மடி காலியானால்தான் அவள் வீட்டுக்குக் கிளம்புவாள். போன மார்கழியில் ஒரு கொட்டை மிஞ்சிவிட்டது. ஏரி முழுக்கப் பனி, துடுப்பின் நுனி கூடத் தெரியவில்லை. பேர் பேராகக் கூப்பிட்டுப் பார்த்ததில் செயலாளர் சென்றாயன் இல்லை. பெருமாயி படகை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஏரியைத் துழாவினாள். மனிதரோ எதிர்க்கரையில் இறங்கி, படகை மரவேரில் கட்டிவிட்டு, வீட்டில் உட்கார்ந்து கேப்பைக்களி தின்றுகொண்டிருந்தார்!

"களி திங்கறவரு கரையில சொல்லிட்டுப் போயித் திங்கோணும்ங்க! உங்கூட்டுக்காரிக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு!" என்று அவர் வாசலில் நின்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து போய்விட்டது. தொண்ணூறு கிலோ சென்றாயன் கையில் களி உருண்டையோடு, "தப்புத்தானுங்க, தப்புத்தானுங்க" என்று நின்றார்.

இவ்வளவு கறாராக இருக்கிறாளே, இவள் வீட்டில் யாராவது தண்ணீரில் போயிருப்பார்களோ என்று புதிதாய் வருகிறவர்கள் மெதுவாக விசாரிப்பார்கள். அந்தக் கேள்வியே அவளுக்குப் பிடிக்காது. "யாராச்சும் செத்தாத்தான் புத்தி வரோணுமாங்க?" என்று வெடுக்கென்று கேட்பாள்.

அவளுடைய சொந்த ஜாக்கெட்டை மட்டும் அவள் சங்கத்துக் கொட்டகையில் விடுவதில்லை. கொட்டகையில் எலி. ஆகவே வீட்டுக்குக் கொண்டுபோய், அடுப்புக்கு மேலே பரணில், விதைச் சாமை மூட்டையோடு வைத்துவிடுவாள். புகை படுகிற இடத்தில் வண்டு வராது, எலி வராது. அடுத்த வருஷத்து வெள்ளாமையையே நம்பி வைக்கிற இடத்தைவிடப் பத்திரமான இடம் உண்டா? பெருமாயக்கா வருவதற்கு முன்னால் அவளுடைய ஜாக்கெட்டின் புகை வாசம் வந்துவிடும் என்று சங்கத்தில் கேலி பேசுவார்கள். அவளுக்கு அதில் பெருமைதான்.

ஆடி விழாக் கூட்டம் இறங்கிப்போன மறு ஞாயிறு, சங்கத்தின் போட்டி. வாசலூர்பட்டி, வளப்பூர் நாடு, குண்டனி நாடு என்று மலையூருக்கு ஒன்றாக மூன்று படகு, படகுக்கு இரண்டு பெண்கள். கூடவே சென்றாயனும் இன்னொருவருமாக இரண்டு பேரோடு ஒரு மீட்புப் படகு. போன வருஷம் வாசலூர்பட்டிக்குத் துடுப்புப் போட்டவர்கள் பெருமாயியும் அவளுடைய கொழுந்தன் மனைவி பூங்குழலியும். வளப்பூர்க்காரிகளிடம் ஒரு கை நீளத்தில் தோற்றார்கள். ஒரு கை! அன்றிலிருந்து ஜெயித்த இருவரில் ஒருத்தியான அருணாவை பஸ்ஸில் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெண் சும்மா கையை நீட்டி நீட்டிக் காட்டுவாள். பெருமாயி தை மாதத்திலிருந்து ஒரு ஞாயிறு விடாமல் பூங்குழலியைக் கூட்டிக்கொண்டு துடுப்புப் போட்டாள். உள்ளங்கை காய்ப்புக் காய்த்துவிட்டது. இந்த வருஷம் விடுவதில்லை என்று அவள் ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தாள்.

அன்று காலை கொட்டகையின் பத்து ஜாக்கெட்டில் ஏழு தேறின, மூன்று முழுகின. அறுபட்ட மூன்றில் ஒன்று சென்றாயனுக்குப் பாந்தமாக இருந்த பெரிய ஜாக்கெட். தேறிய ஏழு, பெருமாயியுடையது ஒன்று, ஆக எட்டு. தண்ணீரில் இறங்கப்போகிறவர்களும் எட்டுப் பேர். சரியாகப் போயிற்று என்று எட்டுக் கொட்டையை முன்கூட்டியே எண்ணி மடியில் கட்டிக்கொண்டாள்.

சென்றாயன் தலையைச் சொறிந்தார். "ஏனுங்க்கா, உங்களுதையும் ஒருக்கா விட்டுப் பாத்துரலாமில்லீங்க?"

"என்னுதா? அது வெதச்சாமையோட பரண்ல இருந்ததுங்ண்ணா."

"சாமைக்குச் செரிங்க. கல்லு சொல்லட்டும்னு நீங்கதானுங்களே சொல்லுவீங்க?"

கரையில் சிரிப்பு. பெருமாயியும் சிரித்தாள். அவளுக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. கல்லை வைத்துக் கட்டி, தண்ணீரில் விட்டு, வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டாள்.

நான்கு மெல்லுதான் மென்றிருப்பாள். ஒரு தோள் சாய்ந்தது, பிறகு மறு தோள். ஆரஞ்சு நிறம் பச்சைத் தண்ணீருக்குள் மங்கிக்கொண்டே இறங்கியது. கயிறு அவள் கையை இழுத்தது. வாய் மெல்லுவதை நிறுத்திவிட்டது.

மேலே இழுத்து, அதை அமுக்கிப் பார்த்தாள். உள்ளே அப்பளம் மாதிரி நொறுங்கியது. வருஷக்கணக்காக அடுப்புச் சூட்டில் காய்ந்து சுண்டிப்போயிருக்கிறது. சாமையைக் காப்பாற்றிய சூடு இதைக் கொன்றுவிட்டது. மார்கழிப் பனியில், ஏரியின் நடு ஆழத்தில், இதை நம்பித்தானே சென்றாயனைத் தேடித் திரிந்தோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்கு மேல் வெட்கம் வேறு. ஊரார் ஜாக்கெட்டையெல்லாம் அறுத்தவளுக்குத் தன்னுடையதைத் தண்ணீரில் போட்டுப் பார்க்க இன்னொருத்தர் சொல்ல வேண்டியிருந்ததே!

"அக்கா, ஒரு நாளைக்குத்தானுங்க" என்றாள் பூங்குழலி. குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. "உங்களுக்கு நீச்சல் தெரியுமில்லீங்க? சும்மா பேருக்கு மாட்டிக்கங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"நான் வேணா மீட்புப் படகுல ஒண்டியாப் போறேனுங்க. ஜாக்கெட்டு ஒண்ணு மிஞ்சுமில்லீங்க?" என்றார் சென்றாயன். தான் கேட்டிருக்கவே கூடாது என்கிற தவிப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

"துடுப்பை நீங்க புடிச்சா முழுகறவங்களை யாருங்ண்ணா புடிக்கறது?"

படகு இல்லத்து ஜாக்கெட்டுகள் அறைக்குள் பூட்டிக் கிடந்தன; ஆள் வர ஒன்பது ஆகும். மணி எட்டேகால். ஒரே ஒரு போட்டிக்குத்தான் நேரம் இருந்தது. வளப்பூர் அருணா முன்னால் வந்தாள். இன்றைக்கு அவள் கையை நீட்டிக் காட்டவில்லை. "நாங்க ஒதுங்கிக்கறமுங்க அக்கா. நீங்க போங்க."

"பஸ்ஸேறி எங்கூருக்கு வந்தவங்களைக் கரையில உக்கார வெக்கறதா? நல்லாருக்குது போ கண்ணு."

பெருமாயி வெற்றிலையைக் கரையோரப் புல்லில் துப்பினாள். இடுப்பு அரிவாளை உருவினாள். பூங்குழலி சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "அக்கா, வேண்டாங்க." பெருமாயி அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு, தன் ஜாக்கெட்டை முழங்காலில் போட்டுக்கொண்டு மூன்று வாரையும் ஒவ்வொன்றாக அறுத்தாள். மூன்றாவது வார் கொஞ்சம் முரண்டு பிடித்தது. அதையும் அறுத்தாள்.

"கல்லு சொல்லிருச்சுங்க" என்றாள்.

பிறகு மடியை அவிழ்த்தாள். எட்டுக் கொட்டையில் தங்கள் இருவருக்குமான இரண்டை எடுத்துப் பூங்குழலியின் உள்ளங்கையில் வைத்து, அந்த விரல்களை மூடிவிட்டு, அருணாவின் ஜாக்கெட்டைத் தோளில் பிடித்து மேலே ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள்.