சிவப்பு வால் ஜோடி

நடத்துநரும் ஓட்டுநரும் பல வருடமாக ஒரே பேருந்தில் வேலை பார்த்தார்கள். பணிமனையில் அவர்களுக்கு ‘மாமன் மச்சான்’ என்றே பெயர். நடத்துநர் வீட்டு முன்னறையில் கப்பி மீன்கள் துள்ளுவதைப் பார்த்து ஆசைப்பட்டு ஓட்டுநரும் ஒரு தொட்டி வாங்கினார். முதல் ஜோடி மீனைக் கொடுத்தவரே நடத்துநர்தான்.

மீன் விஷயத்தில் நடத்துநர் யாருக்கும் வளைந்து கொடுக்க மாட்டார். குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்றுவார். வாரத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுவார். தீனி ஒரு சிட்டிகைதான். மனைவி ஒருமுறை இரக்கப்பட்டு இன்னொரு சிட்டிகை போட்டதற்கு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. புது மீன் எங்கிருந்து வந்தாலும் சில வாரம் வாளியில் தனிக்குடித்தனம்.

ஒருநாள் ஓட்டுநர் சிவப்பு வால் ஜோடி ஒன்றைப் பையில் கொண்டுவந்தார். தன் வீட்டில் குட்டி போட்டுப் பெருகிவிட்டதாகச் சொன்னார். நடத்துநர் வாளியை எடுக்கப் போனார்.

“நம்ம வீட்டு மீனையே சந்தேகப்படுறியா?” என்று ஓட்டுநர் சிரித்தார்.

நடத்துநருக்கு வெட்கமாகிவிட்டது. நேராகத் தொட்டியிலேயே விட்டார்.

பத்துப் பதினைந்து நாளில் மீன்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நின்றன. வயிறு ஒட்டி, முதுகு வளைந்தது. உப்புப் போட்டார், மருந்து விட்டார், ஒன்றும் கேட்கவில்லை. தாய் தின்றுவிடுமே என்று பிரித்து வைத்திருந்த குஞ்சுகள் மட்டும் தப்பின. ஓட்டுநர் தினமும் துக்கம் விசாரித்தார். உங்கள் தெருத் தண்ணீரே சரியில்லை என்றும் சொன்னார். நடத்துநர் அதையும் நம்பினார்.

ஒரு பாத்திரத்தைத் திருப்பித் தர வந்த ஓட்டுநரின் மனைவி காலித் தொட்டியைப் பார்த்துத் திகைத்தாள்.

“இங்கயும் போயிடுச்சாண்ணா? எங்க வீட்ல எல்லாம் முதுகு வளைஞ்சு செத்துச்சு. மிச்சம் ரெண்டையாவது உங்க கைராசி காப்பாத்தும்னுதானே அவரு எடுத்துட்டு வந்தாரு.”

நடத்துநர் அவளுக்குத் தேநீர் கொடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். செத்த மீன்களைவிட, வாளியை எடுக்கப் போனபோது ஓட்டுநர் சிரித்த சிரிப்புதான் நெஞ்சை அறுத்தது.

மறுநாள் வண்டி கிளம்புமுன் ஏன் மறைத்தாய் என்று கேட்டார். ஓட்டுநர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார்.

“சொல்லியிருந்தா நீ வாங்கியிருக்க மாட்டியே.”

“வாங்கியிருப்பேன். தனியா வச்சு வைத்தியம் பார்த்திருப்பேன். அவ்வளவுதான்.”

அன்று முழுக்க விசில் மட்டும் பேசியது. அந்த வாரமே நடத்துநர் வேறு தடம் கேட்டு வாங்கிக்கொண்டார். காலை நேரம் உடம்புக்கு ஒத்துவரவில்லை என்று அதிகாரியிடம் காரணம் சொன்னார். நண்பனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இப்போதும் பாலத்தருகே இரண்டு பேருந்துகளும் எதிரெதிரே கடக்கும். ஓட்டுநர் கையைத் தூக்குவார். அந்த நேரம் பார்த்து நடத்துநர் திரும்பிக்கொண்டு, “உள்ள தள்ளி நில்லுங்க” என்பார், பாதி காலியாக இருக்கும் வண்டியில்.